மூளையில் கொழுப்புக்கட்டி: ஸ்கேனில் தெரிந்தது ஒன்று, தலையை வலிக்கவைப்பது இன்னொன்று

கேள்வி:

எனக்கு 38 வயது. இரண்டு பெண் குழந்தைகள். கல்லூரி நாட்களிலிருந்தே தலைவலி உண்டு. ஒரு பக்கமாக விண் விண்ணென்று தெறிக்கும். வெளிச்சம் பிடிக்காது, சத்தம் பிடிக்காது, வாந்தி எடுத்தால் கொஞ்சம் அடங்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் அதிகம். என் அம்மாவுக்கும் இதே போல இருந்தது. ஒரு வருடமாக வலி கூடிக்கொண்டே போய், இப்போது வாரத்தில் நான்கைந்து நாள் மாத்திரை போடாமல் வேலை ஓடுவதில்லை. டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். ‘கார்ப்பஸ் கலோசத்தின் பின்பகுதியைச் சுற்றி வளைகோடு போன்ற லைப்போமா, நீளம் 24 மி.மீ., தடிமன் 4 மி.மீ.; மற்றபடி மூளை இயல்பு; நோய்க்குறிகளுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. கைப்பேசியில் படத்தைப் பார்த்த உறவினர் ஒருவர், ரத்தக்கசிவாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். என் கணவர் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, மூளைக் கட்டியை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது, ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார். மாமியார் சமையலில் எண்ணெயையே நிறுத்திவிட்டார். இது புற்றுநோயா, பின்னால் அப்படி மாறுமா? எடுத்தே ஆக வேண்டுமா? சாப்பாட்டால் வந்ததா? ஆறு வருடத்துக்கு முன் வண்டியிலிருந்து விழுந்தபோது எடுத்த சி.டி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்களே, அப்படியானால் இது புதிதாக முளைத்ததுதானே? என் பெண்களுக்கும் வருமா? பத்து நாளாகத் தூக்கம் இல்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பத்து நாளாகத் தூங்காதவரிடம் பீடிகை போடக்கூடாது. உங்கள் மூளையில் இருப்பது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறப்போவதும் இல்லை. அதை எடுக்க வேண்டாம். எடுக்கக்கூடாது என்றே சொல்வேன். நீங்கள் சாப்பிட்ட எதனாலும் அது வரவில்லை. நீங்கள் பிறந்தபோதே அது அங்கே இருந்தது. உங்கள் தலைவலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தலைவலிக்குத் தனியாக ஒரு பெயரும் தனியாக ஒரு வைத்தியமும் இருக்கின்றன. ஸ்கேனில் கொழுப்பு தென்பட்ட நிமிடத்திலிருந்து வீட்டில் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் வலியை மறந்துவிட்டார்கள். எனக்கு அதுதான் கவலை.

நான் கதிரியல் மருத்துவர். ஸ்கேன் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. அதனால் படத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கரு உருவான முதல் வாரங்களில், பிற்பாடு மூளையாக வளரப்போகும் குழாயைச் சுற்றி மெல்லிய திசு ஒன்று போர்த்தியிருக்கும். மெனிங்ஸ் பிரிமிட்டிவா என்பார்கள். மூளையின் உறைகள் இதிலிருந்துதான் உருவாகின்றன. நாளாக ஆக இதன் உட்பகுதி கரைந்து மறைகிறது. கரைந்த இடமெல்லாம் மூளையைச் சுற்றி நீர் ஓடும் இடைவெளிகளாகின்றன. எங்காவது ஒரு துணுக்கு கரையாமல் நின்றுவிட்டால், அது கொழுப்புத் திசுவாக மாறி அங்கேயே தங்கிவிடுகிறது. அதுதான் மூளையின் லைப்போமா. 1990ல் ட்ருவிட், பார்கோவிச் என்ற இரு மருத்துவர்கள், இப்படிக் கொழுப்பு உள்ள 42 பேருடைய எம்.ஆர்.ஐ. படங்களை ஆராய்ந்து இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். அதன் பிறகு இதை வளரும் கட்டிகளோடு சேர்த்து எண்ணுவதை நாங்கள் விட்டுவிட்டோம். உறுப்பு உருவானபோது நேர்ந்த ஒரு சிறு பிசகு என்றே பார்க்கிறோம். செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவது என்பது இதில் கிடையாது.

இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம், நாங்கள் படத்தில் பார்ப்பதெல்லாம் இதோடு பொருந்திப்போகிறது என்பதுதான். இந்தக் கொழுப்பு மூளைத் திசுவுக்கு உள்ளே இருப்பதில்லை. வெளியே, நீர் ஓடும் இடைவெளிகளில்தான் இருக்கும், பெரும்பாலும் நடுக்கோட்டில். அந்த 42 பேரில் சுமார் 45 சதவீதத்தினருக்கு இரண்டு மூளை அரைக்கோளங்களுக்கும் நடுவே இருந்தது, சுமார் 25 சதவீதத்தினருக்கு நடுமூளைக்குப் பின்புறம் இருந்தது. மீதிப் பேருக்கு மூளையின் அடிப்பகுதி, செவி நரம்பு புறப்படும் மூலை, பக்கவாட்டுப் பிளவு என்று சிதறியிருந்தது. மூளையின் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் இந்த இடைவெளிகள் வழியாகத்தான் போகின்றன. அதனால் கொழுப்பு அவற்றை ஒரு பக்கமாகத் தள்ளுவதில்லை. அவை கொழுப்பின் ஊடாகவே போகின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆபரேஷன் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

கார்ப்பஸ் கலோசம் என்பது இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்பிழைப் பட்டை. அதை ஒட்டி வரும் லைப்போமாவில் இரண்டு விதம் உண்டு. ஒன்று முன்பக்கம் திரட்சியாக, பெரும்பாலும் 2 செ.மீ.க்கு மேற்பட்ட தடிமனில் இருக்கும். அது இருப்பவர்களுக்குக் கார்ப்பஸ் கலோசம் சரியாக உருவாகாமல் போயிருப்பது சகஜம், வலிப்பும் வரலாம். மற்றொன்று பின்பக்கம் ஒரு நாடா போல, 1 செ.மீ.க்கும் குறைவான தடிமனில் படிந்திருக்கும். இதில் கார்ப்பஸ் கலோசம் முழுமையாகவோ கிட்டத்தட்ட முழுமையாகவோ இருக்கும். இருப்பவருக்கே தெரியாமல் ஆயுள் முழுக்கக் கிடக்கும். உங்களுடையது இந்த இரண்டாவது வகை. 4 மி.மீ. தடிமன், வளைகோடு, மற்றபடி மூளை இயல்பு என்று ரிப்போர்ட்டில் தெளிவாகவே இருக்கிறது. ஸ்கேன் இயந்திரங்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே, 1856ல், ரோகிடான்ஸ்கி என்ற நோயியல் அறிஞர் கார்ப்பஸ் கலோசத்து லைப்போமாவை விவரித்திருக்கிறார். புது நோய் ஒன்றும் இல்லை. இப்போது படம் எடுப்பது பெருகிவிட்டதால் அதிகம் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

திசுவை எடுத்துப் பரிசோதிக்காமல் இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறேன் என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயமான கேள்வி. எம்.ஆர்.ஐ.யில் ஒரே இடத்தைப் பல விதமாகப் படம் எடுக்கிறோம். டி-1 என்ற வகைப் படத்தில் மூளை சாம்பல் நிறமாகவும், சுற்றியுள்ள நீர் கறுப்பாகவும் தெரியும். தலையைச் சரிபாதியாகப் பக்கவாட்டில் வெட்டிப் பார்ப்பது போன்ற படத்தில், கார்ப்பஸ் கலோசத்தின் பின்முனையை அணைத்தபடி பளீரென்று வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து போவது தெரிகிறது. தலைத்தோலுக்கு அடியில் எல்லோருக்கும் ஒரு கொழுப்பு அடுக்கு உண்டு; அதே படத்தில் அதுவும் இதே அளவு வெள்ளையாக இருக்கும். அடுத்ததாக, கொழுப்பிலிருந்து வரும் சமிக்ஞையை மட்டும் அடக்கிவிட்டு அதே இடத்தை மறுபடி எடுப்போம். இப்போது தலைத்தோலுக்கு அடியிலுள்ள அடுக்கு கறுத்துவிடுகிறது. கூடவே அந்த வளைகோடும் கறுத்துவிடுகிறது. ரத்தமாக இருந்திருந்தால் வெள்ளையாகவே நின்றிருக்கும். இன்னொரு நுட்பமான அடையாளமும் உண்டு. கொழுப்பிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களும் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களும் சற்றே வேறு வேகத்தில் சுழல்வதால், இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் ஒரு பக்கம் மெல்லிய கறுப்புக் கோடும் எதிர்ப்பக்கம் மெல்லிய வெள்ளைக் கோடும் விழும். வெள்ளையாகத் தெரியக்கூடிய மற்ற பொருட்களிடம் இந்த ஓரக்கோட்டைப் பார்க்க முடியாது.

உங்கள் உறவினரைக் குறை சொல்ல மாட்டேன். சில நாட்களோ சில வாரங்களோ ஆன ரத்தக்கசிவும் டி-1 படத்தில் வெள்ளையாகத்தான் இருக்கும். ரத்தக்கசிவைத் தேடுவதற்கென்றே எடுக்கும் படங்களிலும் கொழுப்பின் ஓரம் கறுத்து, கசிவு போலவே ஏமாற்றும். அதனால்தான் ஒரே ஒரு படத்தைக் கைப்பேசியில் பார்த்து முடிவு சொல்லக்கூடாது என்கிறோம். கொழுப்பு அடக்கிய படம் உங்கள் ஸ்கேனில் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் ஸ்கேன் எடுத்த இடத்தில் கேளுங்கள். எடுத்திருந்தால் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எடுக்காமல் விட்டிருந்தாலும் கவலை வேண்டாம், இன்னொரு சாட்சி உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது: ஆறு வருடத்துக்கு முந்தைய சி.டி. ஸ்கேன். சி.டி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்குப் பூஜ்யம், காற்றுக்கு மைனஸ் 1000. கொழுப்பு ஏறக்குறைய மைனஸ் 50க்கும் மைனஸ் 100க்கும் இடையில் வரும். புதிய ரத்தம் பூஜ்யத்துக்கு மேலே, 50, 60, 70 என்று போகும். ஆக, கொழுப்பையும் ரத்தத்தையும் எண்ணை வைத்தே பிரித்துவிடலாம். அன்றைக்கு ஒன்றும் இல்லை என்றார்களே என்று கேட்கிறீர்கள். விபத்தில் வந்தவருக்கு நாங்கள் அவசரமாகத் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். அதற்காக வைத்துப் பார்க்கும் வெளிச்ச அளவில் நீரும் கறுப்பு, கொழுப்பும் கறுப்பு. 4 மி.மீ. நாடா ஒன்று பக்கத்து நீரோடு கலந்து, கண்ணுக்குத் தப்பிவிடுவது எளிது. அந்தப் பழைய படத்தையும் இப்போதைய படத்தையும் ஒரு கதிரியல் மருத்துவரிடம் சேர்த்துக் கொடுங்கள். எங்கே பார்ப்பது என்று தெரிந்த பிறகு, பழைய சி.டி.யிலும் அந்த நாடா அதே இடத்தில், அதே அளவில் இருப்பது தெரியும் என்றே எதிர்பார்க்கிறேன். ஆறு வருடத்தில் அசையாத ஒன்றைப் பார்த்தால், இனி மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டுமோ என்ற நினைப்பே உங்கள் வீட்டில் எழாது.

கொழுப்பு தெரிந்தால் நாங்கள் யோசித்து ஒதுக்க வேண்டிய இன்னொன்று டெர்மாய்ட் நீர்க்கட்டி. அதிலும் கொழுப்புத் தன்மையுள்ள பொருள் இருக்கும். ஆனால் அது பை போல உருண்டு, பக்கத்துத் திசுக்களைத் தள்ளி இடம் பிடிக்கும். உள்ளே ஒரே சீராக இருக்காது. உடைந்தால் கொழுப்புத் துளிகள் மூளையைச் சுற்றியுள்ள நீரில் அங்கங்கே சிதறிக் கிடக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள வர்ணனை அதோடு எந்த விதத்திலும் ஒத்துப்போகவில்லை.

மூளை உலர் எடையில் பாதிக்கு மேல் கொழுப்புப் பொருட்களால் ஆனதுதானே, அப்புறம் கொழுப்பு இருக்கிறது என்று ஏன் எழுதுகிறார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. அது நரம்பிழைகளைச் சுற்றியுள்ள உறையில் கட்டமைப்பாகப் பின்னிக் கிடக்கும் கொழுப்பு. லைப்போமாவில் இருப்பது வயிற்றிலும் தொடையிலும் இருப்பது போன்ற கொழுப்புச் செல்கள். இரண்டும் வேறு வேறு. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலுக்கு இவை இரண்டிலுமே இந்த விஷயத்தில் பங்கு கிடையாது. உங்கள் மாமியார் அக்கறையால் செய்கிறார், அதை மதிக்கிறேன். ஆனால் எண்ணெயை நிறுத்தினால் இது கரையாது, சேர்த்தால் வளராது. இதைக் கரைக்கும் மாத்திரையோ கஷாயமோ எந்த வைத்திய முறையிலும் இல்லை. யாராவது அப்படி விற்க வந்தால் வாங்க வேண்டாம்.

வளருமா என்ற கேள்விக்கு முழு உண்மையையும் சொல்கிறேன். பொதுவாக வளராது. ஆனாலும் அது கொழுப்புச் செல்தான் என்பதால், ஸ்டீராய்டு மருந்தை நீண்ட காலம் அதிக அளவில் எடுத்தவர்களிடமும், உடல் எடை வெகுவாகக் கூடியவர்களிடமும் லைப்போமா பருத்ததாகத் தனித்தனிப் பதிவுகள் அபூர்வமாக இருக்கின்றன. இதைப் படித்துவிட்டு, நாளைக்கு ஆஸ்துமாவுக்கோ வேறு அவசரத்துக்கோ மருத்துவர் ஸ்டீராய்டு எழுதினால் மறுத்துவிடாதீர்கள். தேவைப்படும்போது அந்த மருந்து உயிர் காப்பது. இப்படி ஒன்று இருக்கிறது என்று அவரிடம் தெரிவித்தால் போதும்.

இப்போது ஆபரேஷன். உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. மூளையில் கட்டி என்று கேட்டால் எடுத்துவிட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கொழுப்பின் ஊடாக ரத்தக் குழாய்களும் நரம்புகளும் போகின்றன என்று மேலே சொன்னேன். கார்ப்பஸ் கலோசத்தை ஒட்டிப் போகும் பெரிகலோசல் தமனியும் அதன் கிளைகளும் இந்த நாடாவுக்குள் புகுந்து போகலாம். படத்தில் வெள்ளைக் கோட்டின் நடுவே சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளாக அவை தெரியும். கொழுப்பும் மூளையின் மேற்பரப்போடு இறுக ஒட்டியிருக்கும். மெழுகு ஊற்றி உறைந்த நூல்கண்டிலிருந்து, ஓர் இழைகூட அறாமல் மெழுகை மட்டும் சுரண்டி எடுக்கச் சொல்வது போன்ற வேலை அது. ஒரு தமனிக்கிளை அறுந்தாலும் பக்கவாதம் வரலாம். செவி நரம்புப் பக்கத்து லைப்போமாக்களை முன்பு துணிந்து எடுத்தபோது, கேட்கும் திறனை இழந்தவர்களும் முகத்தசை செயலிழந்தவர்களும் உண்டு. அந்த அனுபவத்துக்குப் பிறகு, அங்கேயும் முழுதாக எடுப்பதை அறுவை மருத்துவர்களே தவிர்க்கிறார்கள். எந்தத் தொந்தரவும் தராத ஒன்றை எடுக்கப்போய், இல்லாத தொந்தரவை வரவழைத்துக்கொள்ள வேண்டாம். எந்த நரம்பு அறுவை மருத்துவரைப் போய்ப் பார்த்தாலும் உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு இதையே சொல்வார். ஒருவரை ஒரு முறை நேரில் பார்த்துக் கேட்டுவிட்டால் உங்கள் கணவருக்கு நிம்மதி கிடைக்கும் என்றால், தாராளமாகப் போய்வாருங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. எல்லா லைப்போமாவும் உங்களுடையது போலச் சும்மா கிடப்பதில்லை. நடுமூளைக்குப் பின்புறம் உள்ளது அபூர்வமாக நீர் வடியும் பாதையை நெருக்கி, மூளைக்குள் நீர் தேங்கச் செய்யும். அப்போதும் கொழுப்பைத் தொடாமல் நீருக்கு மாற்று வழி அமைத்துக் கொடுப்பதே வழக்கம். செவி நரம்பு மூலையில் இருப்பவர்களுக்குக் காது மந்தம், இரைச்சல், தலைச்சுற்றல் வரலாம். பக்கவாட்டுப் பிளவில் இருப்பதும், முன்பக்கத்தில் திரட்சியாக இருப்பதும் வலிப்போடு வரக்கூடும். வலிப்புக்கு மருந்துதான் முதல் வழி. குழந்தைக்கு லைப்போமா தெரிந்து, கூடவே முகத்தின் நடுக்கோட்டில் பிளவு, மூக்கில் சதைத் துணுக்கு, கண்ணிலோ காதிலோ உருவாக்கக் குறை என்று ஏதாவது இருந்தால் குழந்தை நல மருத்துவர் முழுவதுமாகப் பார்க்க வேண்டும். இவற்றில் எதுவும் உங்களுக்கு இல்லை.

ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் பற்றி எங்கள் துறைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘நோய்க்குறிகளுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும்’ என்று நாங்கள் எழுதுவது இன்னொரு மருத்துவருக்காக. ஆனால் ரிப்போர்ட்டை முதலில் பிரித்துப் படிப்பது நோயாளிதான். தற்செயலாகத் தெரிந்தது, பிறவியிலேயே உள்ளது, சிகிச்சை தேவையில்லை என்று இன்னொரு வரி எழுதியிருந்தால் உங்கள் பத்து நாள் தூக்கம் போயிருக்காது. ஆரோக்கியமானவர்களைப் படம் எடுத்தாலும் ஏதாவது தெரியத்தான் செய்யும். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் பொதுமக்கள் 2000 பேரின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007ல் வெளியானது. அவர்களில் 7.2 சதவீதம் பேருக்குத் தங்களுக்கே தெரியாமல் வந்துபோன சிறு மூளைத் தாக்கத்தின் தழும்பு இருந்தது. 1.8 சதவீதம் பேருக்கு ரத்தக்குழாய் வீக்கமும், 1.6 சதவீதம் பேருக்குத் தீங்கில்லாக் கட்டிகளும் இருந்தன. படத்தில் ஒன்று தெரிகிறது என்பதாலேயே அதுதான் தொந்தரவுக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது.

இனி உங்கள் தலைவலி. நீங்கள் எழுதிய நான்கு வரியிலேயே நோயின் பெயர் இருக்கிறது. ஒரு பக்கம் தெறிப்பது, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போவது, வாந்தி, மாதவிடாய்க்கு முன் கூடுவது, அம்மாவுக்கும் இருந்தது, இருபது வருடப் பழக்கம். இது மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி. ஸ்கேனில் மைக்ரேன் தெரியாது. இயல்பான மூளைப் படத்தோடு வருவதுதான் அதன் வழக்கம். ஒரு வருடமாக ஏன் கூடியது என்பதற்கும் உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. வாரத்தில் நான்கைந்து நாள் மாத்திரை என்றால் மாதத்துக்கு 16 முதல் 20 நாள் வரை ஆகிறது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால், வலியைக் குறைக்கப் போட்ட மாத்திரையே தலைவலியைத் தக்கவைக்கத் தொடங்கிவிடும். இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரை, மைக்ரேன் வலிக்கென்று தரப்படும் எர்காட் வகை, டிரிப்டான் வகை என்றால் மாதத்துக்கு 10 நாளே அதிகம். இது உங்கள் தவறு என்று நினைக்காதீர்கள். வீட்டையும் வேலையையும் சுமந்துகொண்டு வலியோடு நடமாட வேண்டியிருந்தால் யாரும் மாத்திரையைத்தான் தேடுவார்கள். ஆனால் இதை நிறுத்தாமல் வேறு எந்த வைத்தியமும் சரியாகப் பிடிக்காது.

நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது என்னென்ன மாத்திரை, எந்தெந்த நாள், எத்தனை என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். கலவை மாத்திரையில் என்னென்ன இருக்கிறது என்பது அட்டையைப் பார்த்தால்தான் தெரியும். எதை உடனே நிறுத்துவது, எதைப் படிப்படியாகக் குறைப்பது என்று அவர் சொல்வார். நிறுத்திய பின் இரண்டு நாள் முதல் பத்து நாள் வரை வலி முன்பைவிடக் கூடும். குமட்டல், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் சேர்ந்துகொள்ளும். இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்த நாட்களில் குழந்தைகளையும் சமையலையும் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். ஆபரேஷனுக்குத் தயாராக இருந்தவருக்கு இது பெரிய வேலை இல்லை. இந்தக் கட்டத்தைத் தாண்டிய பலருக்கு வலி வரும் நாட்கள் குறைந்துவிடுகின்றன. கூடவே, வலி வராமல் தடுக்கத் தினமும் எடுக்கும் மருந்துகள் உண்டு. புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், ஃப்ளூனரிசின், டோபிராமேட் என்று உங்கள் உடம்புக்கு ஏற்றதை அவர் தேர்ந்தெடுப்பார். ஆஸ்துமா இருந்தால் புரோப்ரனலால் கூடாது. கர்ப்பம் தரிக்க வாய்ப்பிருந்தால் டோபிராமேட்டையும், இதே போன்ற இன்னொரு தடுப்பு மருந்தான வால்ப்ரோயேட்டையும் தவிர்க்க வேண்டும்; அதனால் ஆஸ்துமா உண்டா, கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டா என்ற இரண்டையும் அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். வலி தொடங்கும் முன் கண்ணில் மின்னல் கோடுகளோ குருட்டுப் புள்ளியோ வருமானால் அதையும் சொல்லுங்கள். அப்படி வருபவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பது பக்கவாத அபாயத்தைக் கூட்டும்.

மைக்ரேன் என்று தெரிந்த பிறகும் சில அறிகுறிகளை அலட்சியப்படுத்தக்கூடாது. நொடியில் உச்சத்துக்குப் போகும், வாழ்க்கையில் இதுவரை வராத அளவு கடுமையான தலைவலி, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், வலிப்பு, ஒரு கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், காலையில் எழுந்ததும் வாந்தியோடு வந்து நாளுக்கு நாள் கூடும் வலி. இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். லைப்போமா இருக்கிறது என்பதால் சொல்லவில்லை. தலைவலி உள்ள யாருக்கும் இதைத்தான் சொல்வேன்.

மறுபடி ஸ்கேன் வேண்டுமா என்றால், உங்களுடையதைப் போன்ற சிறிய, அடையாளம் தெளிவான லைப்போமாவுக்கு வேண்டியதில்லை. பழைய சி.டி.யோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே போதும். சாய ஊசி போட்டு எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியுமே என்று யாராவது சொன்னால், கொழுப்பு சாயத்தை ஏற்காது, அதனால் புதிதாக ஒன்றும் தெரியவராது என்று சொல்லிவிடுங்கள். வண்டி ஓட்டலாம், விமானத்தில் போகலாம், உடற்பயிற்சி செய்யலாம். இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைத்தாலும் இது தடை இல்லை. எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள டிஸ்க்கையும் ரிப்போர்ட்டையும் மட்டும் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு வேறு காரணத்துக்காகத் தலையை ஸ்கேன் செய்ய நேர்ந்தால், அதைப் படிக்கும் மருத்துவர் புதிதாக ஒன்று வந்துவிட்டதோ என்று குழம்பாமல் இருக்க அது உதவும்.

கடைசியாக உங்கள் பெண்களைப் பற்றி. உங்களுடையதைப் போல, வேறு எந்தப் பிறவிக் குறையும் இல்லாமல் தனியாகத் தெரியும் லைப்போமா தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் நோய் இல்லை. அதற்காக அவர்களுக்கு எந்த ஸ்கேனும் எடுக்காதீர்கள். மைக்ரேன் அப்படி இல்லை, அது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. பள்ளிப் பருவத்திலேயே தொடங்கலாம். சின்ன வயதில் தலைவலியைவிட, வயிற்று வலியாகவும் வாந்தியாகவும் அடிக்கடி வந்து போகலாம். பெண்களில் யாருக்காவது அப்படி வந்தால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக, பாட்டிக்கும் அம்மாவுக்கும் மைக்ரேன் உண்டு என்று சொல்லுங்கள்.